வாலுவுக்குப் பசிக்கட்டும்

மார்ச் 4

அக்காவுக்கு,

நீ அனுப்பிய பார்சலைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பியிருக்கிறேன். விலாசம் தெரியாமல் திரும்பி வந்துவிட்டது என்று நினைத்து மறுபடியும் அனுப்பிவிடாதே. தெரிந்துதான் செய்தேன். போனில் சொன்னால் உன் நல்ல காதில் பாதிதான் விழும், விழாத பாதிக்கும் சேர்த்துக் கோபப்படுவாய். அதனால் எழுதுகிறேன்.

போன மாதம் வாலுவுக்குக் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கினார்கள். இன்னும் மூன்று சொத்தை. ஆறு வயதுதான் ஆகிறது. பல் டாக்டர் இவள் என்னென்ன சாப்பிடுவாள் என்று கேட்டார். சொல்லச் சொல்ல எனக்கே நாக்கு கூசியது. காலையில் பாலில் நனைத்த க்ரீம் பிஸ்கட் நான்கு. மத்தியானச் சாப்பாட்டு டப்பா போனபடியே திரும்பி வரும். சாயங்காலம் மறுபடி பிஸ்கட், இல்லாவிட்டால் சிப்ஸ். ராத்திரி எதிரே போனை நிறுத்திவைத்து அவள் அப்பா ஊட்டுவார், இவள் பார்க்காமலே வாயைத் திறப்பாள். என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் தெரியாது. கார்ட்டூனில் பூனை என்ன செய்தது என்று கேட்டால் வரிசையாகச் சொல்வாள். கழிவறைக்குப் போனால் அரை மணி நேரம் அழுகை. இரண்டு தடவை ரத்தம் வந்தது.

எங்கள் தெரு சுகாதார நிலையத்தில் ஒரு நர்ஸம்மா இருக்கிறார். அவரிடம் போய் அழுதேன். அவர் சொன்னது இவ்வளவுதான்: தட்டில் எதை வைப்பது, எத்தனை மணிக்கு வைப்பது, இது இரண்டும் உங்கள் வேலை. அதில் எவ்வளவு சாப்பிடுவது என்பது அவள் வேலை. அவள் வேலையில் நீங்கள் தலையிடாதீர்கள், உங்கள் வேலையில் அவளைத் தலையிட விடாதீர்கள்.

அன்று முதல் வீட்டில் பாக்கெட் இல்லை. சாப்பிடும்போது போன் இல்லை. மூன்று பேருக்கும் ஒரே சமையல், ஒரே நேரம். சாயங்காலம் பசித்தால் மேஜை மேல் பழம் இருக்கிறது. ஊட்டுவது இல்லை, மிரட்டுவது இல்லை, இதைச் சாப்பிட்டால் அது தருகிறேன் என்ற பேரம் இல்லை.

முதல் வாரம் வாலு மேஜைக்கு அடியில்தான் உட்கார்ந்திருந்தாள். என் ஷூவுக்குள் கேரட் கிடந்தது. அவள் அப்பா எலக்ட்ரீஷியன் என்பதால் கரண்டைக் கண்டு பயப்பட மாட்டார், மகள் கண்ணீரைக் கண்டால் பயப்படுவார். அவருடைய டூல் பையில் டெஸ்டருக்குப் பக்கத்தில் சிப்ஸ் பாக்கெட் ஒன்றைப் பிடித்தேன். நானும் யோக்கியம் இல்லை. பஸ் ஓட்டும்போது சீட்டுக்குப் பக்கத்தில் கலர் பாட்டில் வைத்திருப்பேன். வாலு ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு, “நீ மட்டும் குடிக்கலாமா?” என்று கேட்டாள். அன்றோடு நிறுத்திவிட்டேன். இப்போது தண்ணீர்தான்.

இவ்வளவு பாடுபட்டு வந்திருக்கிற இடத்தில் உன் இரண்டு கிலோ பிஸ்கட் வந்து இறங்கியது. இனி அனுப்பாதே.

தங்கை

மார்ச் 9

தங்கச்சிக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதுவது வழக்கம். இந்தத் தடவை எனக்கு ஆவல் ஒன்றும் இல்லை.

பார்சலில் அனுப்புநர் விலாசமாகத் தொழிற்சாலை விலாசத்தைப் போட்டிருந்தேன். அதனால் அது நேராக எங்கள் பேக்கிங் ஹாலுக்கே வந்து சேர்ந்தது. நாங்கள் செய்த பிஸ்கட், நாங்கள் ஒட்டிய டேப்போடு, எங்களிடமே. நாற்பது பெண்கள் பார்த்தார்கள். சூப்பர்வைசரம்மா வீட்டிலேயே நம்ம பிஸ்கட் விலைபோகலையா என்று ஒருத்தி கேட்டாள். இருபத்தேழு வருஷம் அந்த மெஷின் பக்கத்தில் நின்று ஒரு காதைக் கொடுத்திருக்கிறேன். நான் என்ன விஷமா பேக் பண்ணுகிறேன்?

பல் சொத்தை என்கிறாய். சரி, தேய்க்கச் சொல். பாக்கெட் வேண்டாம் என்கிறாய். அதுவும் சரி, உன் வீடு. ஆனால் எவ்வளவு சாப்பிடுவது என்று ஆறு வயதுக் குழந்தை முடிவு செய்யுமாம். அதற்கு என்ன தெரியும்? பல் தேய்க்கலாமா வேண்டாமா என்பதையும் அதனிடமே கேட்கிறாயா? பொங்கலுக்குப் பொங்கல், வருஷத்துக்கு ஒரு தடவை படம் அனுப்புகிறாயே, அதில் அவள் கழுத்தெலும்பு தெரிகிறது. பிள்ளை பசியோடு இருக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருப்பதற்குப் பெயர் வளர்ப்பு இல்லை, சோம்பேறித்தனம்.

அம்மா போனபோது உனக்கு நாலு வயது, எனக்குப் பதினாறு. எனக்கு எந்த நர்ஸும் சொல்லித்தரவில்லை. உன்னைச் சாப்பிட வைத்தேன். நீ வளர்ந்தாய். இன்று பெரிய பஸ்ஸைத் திருப்புகிறாயே, அந்தக் கைக்குப் பலம் எங்கிருந்து வந்தது?

அக்கா

மார்ச் 15

அக்கா,

எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். நீ மறந்திருப்பாய். நான் மறக்கவில்லை.

என்னை உன் இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இறுக்கிக்கொள்வாய். இடது கையால் மூக்கைப் பிடிப்பாய். மூச்சுக்காக நான் வாயைத் திறக்கும்போது வலது கையிலிருந்த கரண்டி உள்ளே போகும். ஒரு நாள் மசித்த பூசணிக்காய். கரண்டியின் விளிம்பு மேல்வாயில் கிழித்துவிட்டது. ரத்தமும் பூசணிக்காயும் சேர்ந்து வந்தன. நீ சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. “ரத்தம்தானே, முழுங்கு.” முழுங்கினேன். பிறகு எல்லாவற்றையும் வாந்தி எடுத்தேன். நீ தரையைத் துடைத்தாய். துடைத்துவிட்டு இரண்டாவது தட்டை எடுத்து வந்தாய்.

எனக்கு முப்பத்தைந்து வயது. பஸ்ஸில் யாராவது பூசணிக்காய் வைத்த டப்பாவைத் திறந்தால் வாசனை முன்னால் வரைக்கும் வரும், ஸ்டியரிங்கில் என் கை ஈரமாகிவிடும். பசிக்கிறதா, வயிறு நிறைந்துவிட்டதா என்பது இன்றைக்கும் எனக்குச் சரியாகத் தெரியாது. தட்டில் இருப்பது தீரும்வரை சாப்பிடுவேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். என் மகளுக்காவது தன் பசி தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அதற்குப் பெயர் சோம்பேறித்தனம் என்றால் நான் சோம்பேறிதான்.

அவள் மூக்கை யாரும் பிடிக்க மாட்டார்கள். நானும் மாட்டேன், நீயும் மாட்டாய்.

இதற்கு நீ பதில் எழுத வேண்டாம்.

ஏப்ரல் 11

அக்காவுக்கு,

எழுத வேண்டாம் என்றேன், நீயும் எழுதவில்லை. இந்த ஒரு விஷயத்தில்தான் என் பேச்சைக் கேட்டிருக்கிறாய்.

இப்போது நானே எழுத வேண்டியிருக்கிறது. முதுகில் டிஸ்க் விலகியிருக்கிறது. பதிமூன்று வருஷமாக டிரைவர் சீட்டில் உட்கார்ந்ததற்குப் பலன். இடது கால் மரத்துப்போகிறது, கிளட்ச் எங்கே இருக்கிறது என்று காலுக்குத் தெரியவில்லை. டிப்போவில் வண்டியைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். இருபதாம் தேதி ஆபரேஷன். குறைந்தது மூன்று வாரம் படுக்கை, அதில் முதல் பத்து நாள் மருத்துவமனையிலேயே. அவர் என்னோடு இருந்தாக வேண்டும். அவர் பக்கத்து மனிதர்கள் யாரும் இல்லை என்பது உனக்குத் தெரியும். வாலுவுக்குப் பள்ளி விடுமுறை தொடங்குகிறது.

உன்னிடம் அனுப்பலாமா என்று கேட்கிறேன். கெஞ்சவில்லை, கேட்கிறேன். அனுப்பினால் என் வீட்டு நடைமுறை உன் வீட்டிலும் நடக்க வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று வேளைச் சாப்பாடு, சாயங்காலம் ஒரு சின்னத் தீனி, பழமோ அவித்த பயறோ. நடுவில் தண்ணீர் மட்டும். நீயும் அவளோடு உட்கார்ந்து அதையே சாப்பிட வேண்டும். பிடிக்காத காயைத் தட்டில் ஒரு துண்டு வை. தொடவில்லையென்றால் விடு, நாளை மறுபடி வை. பீன்ஸைப் பதினோரு தடவை திருப்பி அனுப்பியவள் பன்னிரண்டாவது தடவை கடித்துப் பார்த்தாள். சமையலில் அவளுக்கு ஏதாவது வேலை கொடு. பட்டாணி உரிக்கச் சொன்னால் பாதி அவள் வாய்க்குள் போய்விடும், அதைப் பார்க்காத மாதிரி இரு.

முடியாது என்றால் முடியாது என்று எழுது. வேறு வழி பார்க்கிறேன். வேறு வழி எதுவும் இல்லை, இருந்தாலும் பார்க்கிறேன்.

தங்கை

ஏப்ரல் 15

தங்கச்சிக்கு,

அனுப்பு.

நீ எழுதிய சட்டதிட்டத்தை இரண்டு தடவை படித்தேன். எங்கள் பாய்லர் அறைக்குக்கூட இவ்வளவு விதி கிடையாது. நான் எதையும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் செய்கிறேன். ஒத்துக்கொள்வது வேறு, செய்வது வேறு.

ஒன்றரை மாதம் லீவு சொல்லிவிட்டேன். இத்தனை வருஷம் எடுக்காமல் கிடந்த லீவு. மேனேஜர் எனக்குத்தான் ஏதோ நோய் என்று நினைத்துப் பதறிப்போனார்.

அலமாரியில் இருந்த பிஸ்கட் டப்பாவைக் கீழ் வீட்டில் கொடுத்துவிட்டேன். உனக்காக இல்லை. எறும்பு வந்தது.

ஆபரேஷனுக்குப் பயப்படாதே. டாக்டர் சொல்வதைக் கேள். டாக்டரிடமாவது எதிர்த்துப் பேசாமல் இரு.

அக்கா

ஏப்ரல் 24

தங்கச்சிக்கு,

ஆபரேஷன் நன்றாக முடிந்தது என்று மாப்பிள்ளை செய்தி அனுப்பினார். நிம்மதி. படுத்தே இரு. இங்கே நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

வந்த அன்று வாலு மூன்று வாய்ச் சோறு சாப்பிட்டாள். முட்டையைத் தொடவில்லை, காயைப் பார்க்கவே இல்லை. நான் எதுவும் சொல்லவில்லை. என் சாப்பாடு எனக்கே இறங்கவில்லை. மறுநாள் காலையும் அப்படியே. மத்தியானம் தட்டை வைத்தேன். சோறு, பீன்ஸ், பாதி முட்டை. அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கால் மணி நேரம் போயிற்று. நீ அங்கே ஆபரேஷன் முடிந்து மயக்கத்தில் கிடக்கிறாய், பிள்ளை இங்கே வாடிப் போகிறது. எனக்குள் ஏதோ ஏறியது. எழுந்து அவள் நாற்காலியை என் பக்கம் இழுத்தேன். கரண்டி என் கையில் இருந்தது. என் இடது கை தானாகவே மேலே போனது. பொய் சொல்ல மாட்டேன், அவள் மூக்கு வரைக்கும் போனது.

அவள் அழவில்லை. முகத்தை மட்டும் பின்னால் இழுத்துக்கொண்டு சொன்னாள்: “பெரியம்மா, எனக்கு வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லலாம். அம்மா சொல்லியிருக்காங்க.”

“உங்கம்மா இங்க இல்ல” என்றேன்.

“நான் இருக்கேன்ல” என்றாள்.

கரண்டியைக் கீழே வைத்தேன். வைத்தேன் என்று எழுதுகிறேன், விழுந்தது என்பதுதான் சரி. தட்டை எடுத்து மூடிவைத்துவிட்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்தேன்.  நாலு மணிக்கு அவளே படிக்கு வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தாள்.  பிறகு, “பெரியம்மா, பசிக்குது” என்றாள்.

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நீ ஒரு தடவைகூட என்னிடம் பசிக்கிறது என்று சொன்னதில்லை. அத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட இல்லை. சொல்வதற்கு நான் இடமே கொடுக்கவில்லை போலிருக்கிறது.

அன்று அவள் முட்டையைச் சாப்பிட்டாள். பீன்ஸில் இரண்டு. மூன்றாவதை அவளே எட்டி எடுத்தாள்.

இதனால் நான் மாறிவிட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லிவிடாதே. இன்றைக்கும் அவள் தட்டில் மிச்சம் வைத்தால் என் கை கரண்டியைத் தேடுகிறது. பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், அவ்வளவுதான்.

அக்கா

ஏப்ரல் 30

அக்கா,

படுத்துக்கொண்டே எழுதுகிறேன், எழுத்து கோணலாகத்தான் இருக்கும்.

மூக்கு வரைக்கும் போனது என்று படித்ததும் வண்டி பிடித்து வந்துவிட வேண்டும் என்று இருந்தது. எழுந்து உட்காரவே இரண்டு பேர் தூக்க வேண்டியிருக்கிறது. அதனால் கடைசிவரை படித்தேன். படித்தது நல்லதாகப் போயிற்று.

நீ ஒளித்திருக்கலாம். ஒளிக்கவில்லை. அதற்காக இன்னும் இரண்டு வாரம் உன்னை நம்புகிறேன்.

இங்கே ஒரு நர்ஸ் என்னிடம், “தட்டைக் காலி பண்ணினாத்தான் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம்” என்றாள். எனக்குப் போதும் என்றேன். வாழ்க்கையிலேயே முதல் தடவையாகச் சொன்னேன் என்று நினைக்கிறேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். இவ்வளவுதானா என்று இருந்தது.

தங்கை

மே 6

தங்கச்சிக்கு,

ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வந்திருந்தார். கண் பரிசோதனைக்கு இந்தப் பக்கம் வந்தவர் சொல்லாமல் வந்துவிட்டார். நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். வாலு அவளே உரித்த பட்டாணியை அவளே எண்ணி எனக்கும் பரிமாறிக்கொண்டிருந்தாள்.

அவர் உள்ளே வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல், சாப்பிட்டுக்கொண்டிருந்த பிள்ளையின் இரண்டு கக்கத்திலும் கையைக் கொடுத்து அப்படியே தூக்கினார். ஒரு குலுக்குக் குலுக்கினார். “காத்து மாதிரி இருக்கா. ரெண்டு பேரும் சேர்ந்து பட்டினி போடறீங்களா?” என்றார். சட்டைப் பையிலிருந்து ஒரு சாக்லேட்டை எடுத்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். தட்டு காலியானால் அது அவளுக்காம். வாலுவின் வாயில் இருந்த பட்டாணி வாயிலேயே நின்றுவிட்டது.

நான் எழுந்தேன். “அவளைக் கீழே இறக்குங்க சித்தப்பா” என்றேன்.

அவர் சிரித்தார். விளையாட்டுக்கு என்றார்.

“இறக்குங்க. அவ வயிறு எவ்வளவுன்னு அவளுக்குத் தெரியும். என் வீட்டுல இனிமே யாரும் பிள்ளையைத் தூக்கி எடை பார்க்கக் கூடாது.”

இறக்கினார். சாக்லேட்டை எடுத்து அவர் பையிலேயே போட்டேன். உட்காருங்கள், சாப்பிடுங்கள் என்றேன். உட்காரவில்லை. படி இறங்கிப் போய்விட்டார். எழுபத்தைந்து வயது மனிதர், பாவம்தான். ஆனாலும் எனக்கு வருத்தம் இல்லை.

உனக்கு இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்று புரியாது. சொல்லாமலே போய்விடலாம் என்றுதான் முப்பது வருஷமாக இருந்தேன்.

அம்மா போன பிறகு சித்தப்பா மாதத்துக்கு ஒரு தடவை, முதல் ஞாயிற்றுக்கிழமை வருவார். வந்ததும் உன்னைத் தூக்குவார். பிறகு மருந்துக் கடை வாசலில் இருந்த எடை மெஷினுக்குக் கூட்டிப்போவார். மெஷின் ஒரு சீட்டு துப்பும். நீ அதை விளையாட்டு என்று நினைத்தாய். அவர் அப்பாவிடம் சொல்லியிருந்தார்: “பதினாறு வயசுப் பொண்ணு ஒரு குழந்தையை வளர்க்க முடியாது. எடை குறைஞ்சா நான் கூட்டிட்டுப் போயிடறேன்.” அவர்களுக்குக் குழந்தை இல்லை. அப்பா மாதத்தில் இருபத்தைந்து நாள் லாரியில் இருப்பவர், சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. பார்க்கலாம் என்றார்.

ஒரு தடவை உனக்குக் காய்ச்சல் வந்து அரைக் கிலோ குறைந்துவிட்டது. சித்தி உன் துணிகளை ஒரு பையில் எடுத்து வைத்துவிட்டாள். நான் வாசலில் குறுக்கே நின்றேன். இன்னும் ஒரு மாதம் பொறுங்கள் என்றேன். அந்த மாதம்தான் பூசணிக்காய். அன்று சனிக்கிழமை. மறுநாள் மெஷின்.

உனக்கு ரத்தம் வந்தது எனக்கு மறக்கவில்லை. நான் சொன்ன வார்த்தையும் மறக்கவில்லை. நீ வாந்தி எடுத்தபோது போன எடையைத்தான் நான் பார்த்தேன், உன்னைப் பார்க்கவில்லை.

அங்கே போயிருந்தால் உனக்குத் தனி அறை இருந்திருக்கும், நல்ல பள்ளிக்கூடம் இருந்திருக்கும். சித்தி கெட்டவள் இல்லை. எல்லாம் அப்போதே எனக்குத் தெரியும். அப்படியும் விடவில்லை. உன்னை விட்டால் எனக்கு யாரும் இல்லை என்பதுதான் காரணம். இதை உன் நன்மைக்காகச் செய்தேன் என்று இனி சொல்ல மாட்டேன்.

அக்கா

மே 12

அக்கா,

வீட்டுக்கு வந்துவிட்டேன். பெல்ட் கட்டிக்கொண்டு பத்து நிமிஷம் உட்காரலாம். இந்தக் கடிதத்தை ஐந்து தடவையாக உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் கோபம் வந்தது. உன் மேல்தான். முப்பது வருஷம் சொல்லாமல் இருந்தாயே. நீ ஒரு முரட்டு அக்கா என்று நினைத்துக்கொண்டே நான் வளர்ந்தேன். பயந்துபோன ஒரு பதினாறு வயதுப் பெண் என்று தெரிந்திருந்தால் நானே வாயைத் திறந்திருப்பேனோ என்னவோ. அந்த வாய்ப்பை நீ எனக்குக் கொடுக்கவில்லை.

நேற்று சித்தப்பாவுக்குப் போன் செய்தேன். அவர் எதையும் மறுக்கவில்லை. அவளால் முடியாது என்று நினைத்தேனம்மா, உனக்கு நல்லதுக்குத்தான் என்றார். எனக்கு எது நல்லது என்று என்னை மெஷினில் ஏற்றிப் பார்த்தால் தெரியாது என்றேன். “அக்கா என்னை வளர்த்துட்டா. எழுபது பேரை ஏத்திக்கிட்டு நான் பஸ் ஓட்டறேன். உங்க எடைச் சீட்டுல அது வராது” என்றேன்.  பிறகு வாலு எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். எத்தனை கிலோ என்று கேட்கவில்லை.

நீ செய்தது சரி என்று நான் சொல்ல மாட்டேன். நீயும் அதை எதிர்பார்க்காதே. கரண்டி கிழித்தது கிழித்ததுதான். ஆனால் நீ வாசலில் குறுக்கே நின்றதும் நின்றதுதான். இரண்டும் ஒரே ஆள் செய்தது என்பதை விழுங்க எனக்குக் கொஞ்ச நாள் ஆகும். அவசரப்படுத்தாதே.

வாலு நேற்று போனில் பேசினாள். என்ன சாப்பிட்டாய் என்று நான் கேட்கவில்லை, அவளே சொன்னாள். கத்தரிக்காய் கொழகொழ என்று இருக்கிறதாம், பிடிக்கவில்லையாம், பெரியம்மாவுக்கும் பிடிக்காதாம், ஆனால் இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு துண்டு சாப்பிட்டுப் பார்த்தார்களாம். உனக்குக் கத்தரிக்காய் பிடிக்காது என்பதே எனக்கு இப்போதுதான் தெரியும்.

சனிக்கிழமை வாலுவின் அப்பா அங்கே வருகிறார். வாலுவைக் கூட்டிவரத்தான் முதலில் சொல்லியிருந்தேன். மூன்று வாரம் முடிந்துவிட்டது. நான் உட்காருகிறேன், நிற்கிறேன், அவரும் இனி வீட்டில்தான் இருக்கப்போகிறார். ஆனால் அவர் அவளுடைய கோடைச் சட்டைகளையும் கதைப் புத்தகங்களையும்தான் கொண்டுவருகிறார். பள்ளி திறக்க இன்னும் இருபது நாள் இருக்கிறது. அதுவரை அவள் உன்னிடம் இருக்கட்டும்.

போன மாதம் வேறு வழி இல்லாமல் அனுப்பினேன். இப்போது வழி இருக்கிறது. இருந்தும் உன்னிடமே விடுகிறேன்.

தங்கை